எங்கே நிற்க விடுவார்கள்

கல்யாணத்துக்கு எந்த லென்ஸ் நல்லது என்று யாராவது போன் பண்ணிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாம் புதிதாகக் கேமரா வாங்கிய பையன்கள். பதில் அவர்களுக்கே தெரியும். மொபைலில் வீடியோ பார்த்துப் பார்த்து மனப்பாடம் பண்ணியிருப்பார்கள். முகத்துக்கு எண்பத்தஞ்சு, கூட்டத்துக்குப் பதினாறு, மோதிரத்துக்கு மேக்ரோ, எல்லாத்துக்கும் ராஜா எழுபது-இருநூறு. அப்புறம் என்னிடம் எதற்குக் கேட்கிறார்களோ தெரியாது. நான் திருப்பி ஒரே கேள்விதான் கேட்பேன். "உன்னை எங்கே நிற்க விடுவாங்க தம்பி?" போனை வைத்துவிடுவார்கள். "அக்கா எப்பவும் இப்படித்தான் கோபமாப் பேசும்" என்று பின்னால் சொல்லிக்கொள்வதாகக் கேள்வி. சொல்லட்டும்.

வால்பாறையில் இருவாச்சி எடுக்கப் போகிறவன் கை கழன்றுவிடும் கனத்தில் அறுநூறு லென்ஸைத் தூக்கிக்கொண்டு போவது ஆசைக்கு இல்லை. அந்தப் பறவை அவனைக் கிட்டே விடாது. யானையும் விடாது. சம்பந்தி வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தான், அவர்கள் விடுகிற இடத்திலிருந்து கணக்குப் போட்டுத்தான் லென்ஸ் வாங்க வேண்டும். கிட்டே நிற்க விட்டால் முப்பத்தஞ்சு போதும். விடாவிட்டால் எழுபது-இருநூறு மாதிரி ஒரு டெலி. இவ்வளவுதான் விஷயம்.

என்னை எல்லாக் கல்யாணத்திலும் கிட்டே விடுகிறார்கள். மணமேடை மேலேயே, தாலிக்கு ரெண்டடியில் நிற்பேன். அதற்கு நான் ஒரு பொய் வைத்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் சாய்குமார் இறந்து எட்டு வருஷம் ஆகிறது. அவர்தான் போட்டோகிராபர், நான் ஆல்பம் டிசைன் பண்ணுகிறவள். ஒரு காலையில் பேட்டரிகளைச் சார்ஜில் போட்டுவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சோறு வேண்டுமே என்று நான் கேமராவைத் தூக்கினேன். தனியாகப் போன முதல் கல்யாணத்திலேயே ஒரு அம்மா, "ஊட்டுக்காரரு என்ன பண்றாருங்க அம்மணி?" என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப வருத்தப்பட்டார். சூடாகக் காப்பி கொடுத்தார். அப்புறம் முகூர்த்த நேரத்தில், "நீங்க பந்தியப் போயி எடுங்க அம்மணி, இங்க வீடியோக்காரங்க எடுத்துக்குவாங்க" என்று பக்குவமாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு நான் எடுத்ததெல்லாம் இலையும் வடையும்தான்.

அடுத்த கல்யாணத்திலிருந்து காலில் மெட்டி, வகிட்டில் குங்குமம். வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். எப்போது வருகிறார் என்று கேட்டால், தீபாவளிக்கு. பேட்டரி, மெமரி கார்டு, மெட்டி எல்லாம் ஒரே பையில்தான் இருக்கும். போன வருஷம் தீபாவளிக்கு முந்தின நாள் கதவைப் பூட்டப் போனவள் ஒரு நிமிஷம் பூட்டாமல் நின்றுவிட்டேன். ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கே அவர் வரப்போகிறார் என்று ஆகிவிட்டதோ என்னவோ. நாங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. இப்போது அதைப் பேச ஆளில்லை. கேமரா மக்கர் பண்ணினால் அதைத் திட்டுவதோடு சரி.

இப்போது சொல்ல வந்தது கோபிசெட்டிபாளையத்துக் கல்யாணம். மாப்பிள்ளை பிரகதீஷ் கோயமுத்தூரில் சாப்ட்வேர் வேலையில் இருக்கிற பையன். அவனே நேரில் வந்து பேசி முடித்தான். வீடியோவுக்கு எப்போதும்போல அங்கப்பனைக் கூட்டிக்கொண்டேன். முந்தின நாள் மத்தியானமே மண்டபத்துக்குப் போய், மாடியில் கொடுத்த அறையில் பாயை விரித்து லென்ஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். வெள்ளைச் சேலையில்லை, சாம்பல் நிறத்தில் ஒரு சின்னாளப்பட்டிச் சேலை, நெற்றியில் திருநீறு மட்டும்.

"ஏனுங் அம்மணி, உள்ள வரலாங்களா? நான் பிரகதீசனோட அம்மாவுங்க."

பெயர் பாவாத்தாள். பையன் ஆறாவது படிக்கும்போது புருஷன் போய்விட்டார். மல்பெரி போட்டு, பட்டுப்புழு வளர்த்து, கூடு விற்றுப் பையனைப் படிக்கவைத்த அம்மா. இதெல்லாம் பையன் சொல்லித் தெரியும். அவர் உட்காரவில்லை. லென்ஸ்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல எதைங்க தாலி கட்டறப்பப் போடுவீங்க?"

முப்பத்தஞ்சைக் காட்டினேன். ஊறுகாய்ப் பாட்டில் அளவுதான் இருக்கும்.

"இத்துனூண்டா? இதுல தூரத்துல இருக்கறது தெரியுங்களா?"

"இது கிட்ட நிக்கறவங்களுக்குங்கம்மா. தூரத்துக்கு அது."

எழுபது-இருநூறு உலக்கைத் துண்டு மாதிரி சுவரில் சாய்ந்திருந்தது. "அதைச் சித்தெக் காட்டறீங்களா?" என்றார். கேமராவில் மாட்டி ஜன்னல் பக்கம் பிடித்துக் கொடுத்தேன். கண்ணை வைத்தவர் வாய்விட்டுச் சிரித்தார். "அட, அந்த வாழைத் தோப்புக்குள்ள நிக்கறது எங்க சின்ன மாமனுங்க! பீடிய உட்டுப்போட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, குடிக்கறதப் பாருங்க!"

சிரிப்பு நின்றதும்தான் வந்த விஷயத்தைச் சொன்னார். முகூர்த்த நேரத்தில் அவர் கீழே ஸ்டோர் ரூமில் இருப்பாராம். பாத பூஜைக்குப் பெரியப்பா சுப்பண்ணனும் பெரியம்மாவும் உட்காருவார்கள். புருஷன் இல்லாதவள் பார்வை தாலியில் படக்கூடாது.

"ஆரு சொன்னாங்க அப்படி?" என் குரல் உயர்ந்துவிட்டது.

"ஆரும் சொல்லலைங்க. பையன் மேடைக்கு வான்னு சண்டையே போட்டான். இப்பல்லாம் ஆரும் பாக்கறதில்லைன்னு சுப்பண்ண மாமாகூடச் சொன்னாருங்க. எனக்குத்தான் மனசு ஒப்பலை. நாளைக்கு அவனுக்கு ஒண்ணுன்னா என்னால தாங்க முடியாதுங்க." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "ஆனாப் பாக்கோணும்னு இருக்குதுங்க. ஒரே பையன். இந்தக் கண்ணாடி வழியாப் பாத்தா நேருல பாத்த மாதிரி ஆவாதில்லைங்களா? தூரத்துல இருந்துதான பாக்கறேன்? நான் பாக்கறத ஆரும் பாக்கக்கூடாது, அவ்வளவுதானுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நான் தினமும் நிற்கிறேனே அம்மா, ரெண்டடியில், என்று வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் அடுத்த நிமிஷம் நானும் ஸ்டோர் ரூமில் சர்க்கரை மூட்டைக்குப் பக்கத்தில் இருப்பேன். வாயை மூடிக்கொண்டு யோசித்தேன்.

மண்டபத்தின் பின்பக்கம் மாடியில் ஒரு பால்கனி இருந்தது. உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நாற்காலி மறைவில் ஸ்டாண்டு போட்டு, எழுபது-இருநூறை மேடைக்கு நேராகத் திருப்பி இறுக்கினேன். மணவறையில் ரெண்டு பேர் உட்காருகிற இடம் மட்டும் கட்டத்துக்குள் சரியாக நிறைந்தது. போகஸையும் நிறுத்திவிட்டேன். அவர் எதையும் தொட வேண்டியதில்லை, ஒன்றைத் தவிர. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் கேமரா தூங்கிப்போய் எல்லாம் இருட்டாகிவிடும். அப்போது மேலே இருக்கிற பட்டனைப் பாதி அழுத்த வேண்டும்.

"பாதின்னா எவ்வளவுங்க?"

"பட்டுப்புழுவ எடுப்பீங்களே, அந்த மாதிரிதாங்கம்மா. தொட்டும் தொடாம."

அது அவருக்கு உடனே பிடிபட்டது.

டெலி மாடியில் எதற்கு என்று மறுநாள் காலையில் அங்கப்பன் கேட்டான். டாப் ஆங்கிளுக்கு என்றேன். அது இல்லாமல் பெண்ணின் முகத்தை எப்படி க்ளோஸப் எடுப்பாய் என்றான். உன் வேலையைப் பார் என்றேன். அவனுக்கு என்னைத் தெரியும், போய்விட்டான்.

முகூர்த்தம். சீர் செய்து வைக்கிற அருமைக்காரர் தாலியை எடுத்துக் கொடுத்தார். மேளக்காரர்கள் வேகம் எடுத்தார்கள். கீழே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து மொபைலைத் தூக்கினார்கள். நான் மண்டிபோட்டு முப்பத்தஞ்சோடு மாப்பிள்ளையின் மூச்சுப் படுகிற தூரத்தில் இருந்தேன். பெண் தலை குனிந்தாள். மாப்பிள்ளை கையில் தாலி. ஆனால் அவன் பெண்ணைப் பார்க்கவில்லை. முகத்தைத் தூக்கி ஸ்டோர் ரூம் கதவைப் பார்த்தான். பந்திப் பக்கம் பார்த்தான். தூணுக்குத் தூண் பார்த்தான்.

"மாப்பிள்ளை, இங்க பாருங்க, பொண்ணைப் பாருங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"டேய், கட்டுடா" என்றார் சுப்பண்ணன்.

அவன் கண் மெதுவாக மேலே ஏறி ஒரு இடத்தில் நின்றது. கை தானாக முடிச்சுப் போட்டது. எனக்கு ஆத்திரம். நான் எடுத்த அத்தனையிலும் மாப்பிள்ளைக்குத் தாடைதான் இருக்கிறது, முகம் கூரையைப் பார்க்கிறது. ஒன்றும் ஆல்பத்துக்கு ஆகாது.

கூட்டம் பந்திக்குப் போனதும் மாடிக்குப் போனேன். பாவாத்தாள் அங்கே இல்லை. லென்ஸுக்கு மூடி போட்டு, ஸ்டாண்டின் மேல் லென்ஸ் துடைக்கிற என் துண்டை மடித்து வைத்திருந்தது. மூடி எங்கே மாட்டுவது என்று நான் சொல்லித் தரவேயில்லை.

ராத்திரி வீட்டுக்கு வந்து கார்டைப் போட்டபோது அதில் ஒரு படம் இருந்தது. புழுவைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்துவிட்டார் போல. பிரகதீஷ் நேராக லென்ஸுக்குள் பார்க்கிறான். கை பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் இருக்கிறது, முகம் மட்டும் அம்மாவைக் கண்டுபிடித்துவிட்ட பள்ளிக்கூடப் பையன் முகம். படத்தின் ஓரத்தில் என் முதுகும் ஒரு பாதித் தோளும் விழுந்திருந்தன. எத்தனையோ கல்யாணம் எடுத்தேன், தாலி கட்டுகிற நேரத்தில் ஒருத்தன் அப்படி ஒருத்தரைத் தேடிப் பார்த்ததை நான் எடுத்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. வேறு பெயர் வைத்துச் சொல்ல வரவில்லை. ஒரு கூட்டத்தில் என்னைக் காணோம் என்று தேட இந்த ஊரில் ஒரு கண் கிடையாது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததில் சாப்பிட மறந்துபோனேன்.

ஒரு மாசம் கழித்துப் பாவாத்தாள் கோயமுத்தூர் காந்திபுரத்துக்கு வந்தார். துணிக்கடைக்கு மேலே இருக்கிற என் ஸ்டுடியோ அறையை விசாரித்துக்கொண்டு, தனியாகவே கோபி பஸ்ஸில் வந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். அன்று ஷூட் இல்லை. ஆனால் வீட்டை விட்டு வெளியே வந்தால் நான் எப்போதும் இருக்கிற கோலத்தில்தான், குங்குமமும் மெட்டியுமாக இருந்தேன். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"அன்னைக்கு நான் தெரியாம அந்தப் பட்டன அமுக்கிப்போட்டனுங்க. படம் ஏதாச்சும் உளுந்துதுங்களா?"

"விழுந்துச்சுங்கம்மா. அருமையான படம். உங்களுக்குத் தரத்தான்…"

"அழிச்சுருங்க அம்மணி."

எனக்குப் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது. போன வாரம் பிரகதீஷ் சத்தி ரோட்டில் பைக்கோடு விழுந்துவிட்டான். வலது கையில் ரெண்டு இடத்தில் முறிவு, பிளேட் வைத்திருக்கிறார்கள். மருமகள் பின்னால் இல்லாமல் போனது தெய்வச் செயல். ரோட்டில் மணல் கிடந்ததாம், வழுக்கிவிட்டதாம்.

"தாலி கட்டுன கையுங்க. அதே கை." அவர் குரல் இறங்கிவிட்டது. "ஆருக்கும் தெரியாது, நான் பாத்தது. எனக்குத் தெரியுதுங்களே. கண்ணாடி வழியாப் பாத்தா ஒண்ணுமாவாதுன்னு நானா நெனச்சுப்போட்டேன். சோறு எறங்க மாட்டேங்குதுங்க. அவன் மொகத்த நிமுந்து பாக்க முடியலை. ரூமுக்குள்ள போனா வெளிய வந்தர்றேன். ஏம்மா வர மாட்டேங்கறேன்னு கேக்கறான், என்னன்னு சொல்லுவேன்?"

"மணல் கிடந்தா எல்லாரும்தான் வழுக்கி விழுவாங்கம்மா."

"அழிச்சுருங்க."

கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தேன். அழிக்கிறதுக்கு முன்னால் ஒரு தடவை பார்க்கட்டும் என்றுதான். அவர் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் திரும்பினார். திரை முழுக்கப் பிரகதீஷ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னையவா பாக்கறான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். திரையில் அவன் கன்னத்தைத் தொட்டார், தொட்ட விரலை உடனே சுட்டது போல இழுத்துக்கொண்டார். அந்த அம்மா அப்படி விரலை இழுத்ததைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு படத்தைக் காப்பாற்றுவது இருக்கட்டும், இவர் இனி தன் பையனைத் தொடவே மாட்டார்.

"அம்மா, என் வீட்டுக்காரர் துபாயில இல்லைங்க. அவர் போயி எட்டு வருஷமாச்சு."

அவர் திரையை விட்டு என்னைப் பார்த்தார்.

"நான் அன்னைக்கு மேடையில ரெண்டடியில மண்டி போட்டுட்டு இருந்தேன். தாலியோட நுனி என் லென்ஸ்ல உரசுற தூரம். நீங்க மாடியில, அவ்வளவு தூரத்துல இருந்தீங்க. எட்டு வருஷமா எல்லாக் கல்யாணத்துலயும் இப்படித்தான் நிக்கறேன். பார்வையினால ஆகுமுன்னா, எத்தனை வீடு அழிஞ்சிருக்கோணும்? ஒண்ணும் ஆகாதுங்கம்மா. நாம ரெண்டு பேரும் ஒண்ணும் பண்ணலை."

நாம ரெண்டு பேரும் என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. எட்டு வருஷத்தில் யாரையும் சேர்த்துக்கொண்டு நான் பேசிய முதல் வார்த்தை அது. கையைப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். ரெண்டு பேரும் சேர்ந்து அழுவோம், அப்புறம் கீழே போய் ஒரு காப்பி குடிப்போம் என்றுகூட மனசு போய்விட்டது.

பாவாத்தாள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தார், கால்விரல் மெட்டியைப் பார்த்தார். எதையோ கணக்குப் போடுவது போல இருந்தது. அப்புறம் அவர் முகம் மாறியது. ஒரு மாசமாக இறுகிக் கிடந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தது. நீளமாக ஒரு மூச்சு விட்டார். மேஜையில் இருந்த தண்ணீரை எடுத்து முழுக்கக் குடித்தார்.

"அப்ப என்னால இல்லைங்களா…" என்றார், மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வது போல.

என்னாலும் இல்லை என்று மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் தண்ணீர் குடித்த வேகம் கண்ணிலேயே நின்றது. சோறு இறங்கவில்லை என்று சொன்ன வாய். இன்று வீட்டுக்குப் போய் இவர் சாப்பிடுவார், பையன் அறைக்குள் போய்க் கட்டிலில் உட்காருவார், கட்டுப் போட்ட கையைத் தடவிக் கொடுப்பார். மூடநம்பிக்கை என்று ஒரு மணி நேரம் வாதாடி ஜெயித்தால்கூட அது நடக்காது. நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"ஆமாங்கம்மா" என்றேன். "உங்களால இல்லை."

அவர் தலையாட்டினார். என் மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கும் திருப்பிக் கத்தச் சௌகரியமாக இருந்திருக்கும். "வகுத்துப் பொழப்பு, நீங்களும் என்ன பண்ணுவீங்க பாவம்" என்றார். திரையை மறுபடி ஒருமுறை, இந்தத் தடவை ஆசை தீரப் பார்த்தார். "அழிக்க வேண்டாமுங்க. இதப் பெருசா ஒண்ணு போட்டுத் தர்றீங்களா? ஊட்டுல மாட்டோணும்" என்றார்.

அங்கேயே பிரிண்ட் போட்டேன். ஓரத்தில் விழுந்திருந்த என் முதுகை அவர் கேட்காமலே வெட்டி எடுத்துவிட்டேன். அப்போது படம் இன்னும் நன்றாக இருந்தது, அம்மாவும் பையனும் மட்டும் என்று சொல்லும்படி. அட்டை வைத்துக் கவரில் போட்டு நீட்டினேன். என் கையிலிருந்து வாங்காமல், "அங்க வெச்சுருங்க அம்மணி" என்றார். மேஜையில் வைத்தேன். எடுத்துக்கொண்டார்.

வாசல்வரை போனவர் நின்றார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க விசயம் என்ர வாயில இருந்து ஆருக்கும் போவாதுங்க. சத்தியமா." கொஞ்சம் தயங்கினார். "நாளைப்பின்ன வளைகாப்பு, காதுகுத்துன்னு வந்தா, பையன் உங்களத்தான் கூப்புடுவான். நீங்களே வேற வேல இருக்குதுன்னு சொல்லிப்போடுங்க. நான் சொன்னா ஏன்னு கேப்பானுங்க."

"சொல்லிடறேங்கம்மா" என்றேன்.

"நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். வந்தபோது ஒவ்வொரு படியாகப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தவர், இப்போது வேகமாக இறங்கினார். வீட்டில் பையன் சாப்பிடாமல் காத்திருப்பானாம்.